கணக்கு மாறினால் பங்கும் மாறுமா?

சென்ற திங்களில் நம் சங்க நூலகத்தில், நாளிதழ் மேசையின் இருபுறமும் அமர்ந்திருந்த அன்பர் இருவருக்கிடையே ஒரு சொற்போர் மூண்டது. இருவரும் மத்திய அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். அரசுப் பணியில் பெண்கள் எத்தனை பேர் என்பதே பேச்சு. ஒருவர், நூற்றுக்குப் பதினொருவர் என்றார். மற்றவர், பதினெட்டுக்குக் குறையாது என்றார். இருவரும் 2011ஆம் ஆண்டையே குறிப்பிட்டனர். இருவரும் அரசாங்க அச்சில் வந்த ஏடுகளையே ஆதாரமாகக் காட்டினர். குரல் உயர்ந்தது, தேநீர் ஆறியது, நூலகர் வந்து கையமர்த்திய பின்னரே அமைதி திரும்பியது.

இருவரில் யார் சொன்னது பிழை? இருவர் சொன்னதும் பிழையன்று. இது எவ்வாறு இயலும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இஃது அறிஞர்கள் மட்டும் பேசிக் கலைய வேண்டிய செய்தியன்று. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்று, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் ஏறி வடக்கே வந்த தந்தையரின் மக்கள் நம்மில் பலர். அரசுப் பணியே நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அடுப்பில் நெருப்பையும் பிள்ளைகளுக்குக் கல்வியையும் தந்தது. அப்பணியில் பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கும், உடற்குறை உடையோருக்கும் உரிய பங்கு கிடைக்கின்றதா என்பது கணக்கைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றது. ஆகவே அக்கணக்கு எங்கிருந்து வருகின்றது என்று கேட்பது நம் கடமையாகும்.

இரண்டு ஏடுகள்

முதல் அன்பர் கையிலிருந்தது மத்திய அரசுப் பணியாளர் கணக்கெடுப்பு. ஒவ்வோர் அமைச்சகமும் துறையும் தன்னிடமுள்ள முறையான குடிமைப் பணியாளர் எத்தனை பேர் என்று எழுதி அனுப்ப, வேலைவாய்ப்பு இயக்ககம் அதைத் தொகுத்து வெளியிட்டது. அதன்படி 2011 மார்ச் 31 அன்று மத்திய அரசுப் பணியாளர் 30.87 லட்சம் பேர். அவர்களுள் பெண்கள் 3.37 லட்சம் பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 11.

இரண்டாம் அன்பர் கையிலிருந்தது வேலைச் சந்தைத் தகவல் திட்டத்தின் ஏடு. 1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பகச் சட்டத்தின்படி, பொதுத்துறை நிறுவனங்கள் அனைத்தும், 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை தம்மிடமுள்ள ஆண், பெண் தொகையை வேலைவாய்ப்பகத்திற்கு எழுதி அனுப்ப வேண்டும் என்பது அந்நாளைய விதியாக இருந்தது. அதன்படி 2011 மார்ச்சில் பொதுத்துறையில் 175.48 லட்சம் பேர் இருந்தனர்; பெண்கள் 31.71 லட்சம் பேர். நூற்றுக்கு 18.

வேறுபாட்டின் காரணம் இப்போது விளங்கும். இரண்டாம் ஏட்டில் மத்திய அரசு ஒரு பகுதியே. மாநில அரசுகளின் 72.18 லட்சம் பேரும், அரசு சார்ந்த நிறுவனங்களின் 58.14 லட்சம் பேரும், உள்ளாட்சிகளின் 20.53 லட்சம் பேரும் அதில் அடங்குவர். பள்ளி ஆசிரியைகளும் மருத்துவமனைச் செவிலியரும் பெரும்பாலும் மாநில அரசுகளின் கீழே பணி செய்கின்றனர்; மத்திய அரசிலோ ஆண்களே மிகுந்த இரயில்வே பெரும் பங்கு வகிக்கின்றது. ஆகவே ஒரு கணக்கு பதினொன்று என்றும் மற்றது பதினெட்டு என்றும் கூறுவதில் முரண்பாடு இல்லை.

ஆயினும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் ஏடு மத்திய அரசில் மட்டும் 24.63 லட்சம் பேர் என்கின்றது. முதல் ஏடு 30.87 லட்சம் என்கின்றது. ஆண்டு ஒன்று, திங்கள் ஒன்று, முதலாளியும் ஒருவரே. இடைவெளியோ ஆறு லட்சத்திற்கு மேல்! வேலைச் சந்தைத் திட்டம் சிக்கிம், அருணாசலப் பிரதேசம் போன்ற சில பகுதிகளை உள்ளடக்கவில்லை. மேலும் அது அலுவலகங்கள் அனுப்பும் படிவங்களை நம்பியே நின்றது. எனவே ஓர் ஏட்டின் பெண்கள் தொகையை மற்றோர் ஏட்டின் மொத்தத் தொகையால் வகுப்போர் உண்மைக்கு வெகு தொலைவில் சென்று நிற்பர். இவ்வகைத் தவறு மேடைகளில் அன்றாடம் நிகழ்வதை நாம் காண்கின்றோம்.

ஊற்று மாறிய வரலாறு

இவ்விரு ஏடுகளும் பின்னர்ப் பழைய ஒழுங்கில் வரவில்லை. வேலைச் சந்தைத் திட்டத்தின் தொடர் 2012ஆம் ஆண்டோடு அநேகமாக நின்றது. அதன்பின் வேலை நிலையைக் கூற வந்தவை வேறு ஊற்றுகள்.

அவற்றுள் முதலாவது, வீடு வீடாகச் சென்று வினவும் மாதிரி ஆய்வு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த பழைய ஆய்வின் கடைசிச் சுற்று 2011-12இல் முடிந்தது. 2017 ஏப்ரல் முதல் அதனிடத்தில் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு நடைபெறுகின்றது. அதன் மாதிரி எடுக்கும் முறையும் 2025 ஜனவரி முதல் மாற்றப்பட்டது. இங்கே விடையளிப்பது அலுவலகம் அன்று, குடும்பம். ஓர் அரசு அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் பெண்மணி ஒப்பந்தக்காரரிடம் கூலி பெறுபவராயினும், வீட்டில் கேட்டால் “சர்க்கார் ஆபீசில் வேலை” என்றே கூறக்கூடும். அலுவலகப் பதிவேட்டிலோ அவர் பெயர் இராது. ஒரே பெண்மணி ஓரிடத்தில் எண்ணப்படுகின்றார். மற்றோரிடத்தில் மறைந்து போகின்றார்.

இரண்டாவது, ஊதியப் பதிவு வழியாக எடுக்கும் கணக்கு. வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் ஈட்டுறுதி, தேசிய ஓய்வூதிய அமைப்பு ஆகியவற்றில் புதிதாகச் சேர்வோரின் தொகை 2017 செப்டம்பர் தொடங்கி, ஆண், பெண் எனப் பிரித்துத் திங்கள்தோறும் வெளிவருகின்றது. விரைவில் கிடைப்பது இதன் சிறப்பு. ஆனால் இதன் வேலி எதுவென்று அறிந்தே பயன்படுத்த வேண்டும். மத்திய அரசில் 2004 ஜனவரி முதல் நாளுக்குப்பின் சேர்ந்தவர்களே தேசிய ஓய்வூதிய அமைப்பில் உள்ளனர். அதற்கு முன் சேர்ந்த மூத்தோர் இல்லை. தமிழ்நாடு அரசோ 2003 ஏப்ரலுக்குப்பின் சேர்ந்தோர்க்குத் தனியானதொரு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தை வைத்துக்கொண்டு, தேசிய அமைப்பிற்கு வெளியே நின்றது. ஆகவே நம் ஊரில் புதிதாக நியமனம் பெறும் நம் தங்கை ஓர் ஆசிரியையாயினும், ஒரு வட்டாட்சியராயினும், அப்பட்டியலில் காணப்படமாட்டார். 2022இல் இராஜஸ்தானும் 2023இல் இமாச்சலப் பிரதேசமும் பழைய ஓய்வூதிய முறைக்குத் திரும்பியபோது, அவ்விடங்களில் புதிதாகச் சேரும் பெண்களும் இக்கணக்கின் எல்லைக்கு வெளியே சென்றனர். மாறியது ஓய்வூதியக் கொள்கை. குறைந்ததாகத் தோன்றுவதோ பெண்களின் வேலை!

நான்கு பிரிவுகள் மூன்றானபோது

ஊற்று மாறாவிடினும், கலம் மாறினால் கணக்கு மாறும். இதற்குப் பட்டியல் சாதியினரின் பங்கைக் கூறும் கணக்கே சிறந்த எடுத்துக்காட்டு.

1965 ஜனவரி முதல் நாளில் மத்திய அரசுப் பணியில் பட்டியல் சாதியினரின் பங்கு, முதல் வகுப்புப் பதவிகளில் நூற்றுக்கு 1.64, இரண்டாம் வகுப்பில் 2.82; மூன்றாம் வகுப்பில் 8.88, நான்காம் வகுப்பில் 17.75. இந்நான்கு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் போதும். வேறு விளக்கம் வேண்டா. மேசைக்குப் பின்னால் அமர்ந்தவர் யார், கதவருகே நின்றவர் யார் என்பதை அவை கூறிவிடுகின்றன. துப்புரவுப் பணியாளரைத் தனி வரியில் காட்டும் வழக்கமும் இக்கணக்குகளில் உண்டு. அவர்களையும் சேர்த்து ஒரே தொகையாகக் கூறினால், ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவர்களே ஏணி முழுவதும் நிறைந்திருப்பது போன்ற மயக்கம் உண்டாகும்.

பின்னாளில் வகுப்புகள் ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ என்னும் பிரிவுகளாயின. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை 2008இல் ஏற்றபின், ‘டி’ பிரிவு ‘சி’ பிரிவோடு இணைக்கப்பட்டது. ஊழியர்க்கு அது நன்மையே, கடைநிலை என்ற பெயர் நீங்கிற்று, ஊதியமும் உயர்ந்தது. ஆனால் கணக்கில் என்ன நிகழும்?

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஓர் அலுவலகத்தில் ‘சி’ பிரிவினர் 100 பேர். அவர்களுள் பட்டியல் சாதியினர் 9 பேர். ‘டி’ பிரிவினர் 50 பேர். அவர்களுள் பட்டியல் சாதியினர் 18 பேர். இணைப்புக்குப்பின் ‘சி’ பிரிவினர் 150 பேர்; பட்டியல் சாதியினர் 27 பேர். நேற்று நூற்றுக்கு 9 ஆக இருந்தது இன்று 18 ஆகின்றது. புதிதாக ஒருவரும் நியமிக்கப்படவில்லை; எழுத்தராக ஒருவரும் உயரவில்லை; ஏவலர் ஏவலராகவே கோப்பைத் தூக்கிச் செல்கின்றார். ஆயினும் பங்கு இரட்டித்தது என்று எவரேனும் அறிக்கை விடலாம்; அவ்வறிக்கையில் ஓர் எண்ணும் பொய்யாக இராது.

பிற்படுத்தப்பட்டோர் கணக்கிலும் இத்தகையதொரு நுட்பம் உண்டு. மத்திய அரசுப் பணியில் அவர்க்கு 27 விழுக்காடு இட ஒதுக்கீடு 1993 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2016 ஜனவரி முதல் நாளில், 78 அமைச்சகங்களும் துறைகளும் அனுப்பிய விவரப்படி அவர்தம் பங்கு நூற்றுக்கு 21.57. பட்டியல் சாதியினர் 17.49, பழங்குடியினர் 8.47. ஆனால் 1993க்கு முன் பணியில் சேர்ந்த பிற்படுத்தப்பட்டோர் அத்தொகையில் சேர்க்கப்படவில்லை என்று அரசுத் தரப்பே விளக்கம் கூறியிருக்கின்றது. அக்காலத்தில் பதிவேட்டில் அதற்கான கட்டமே இல்லை. அம்மூத்தோர் ஆண்டுதோறும் ஓய்வு பெறப் பெற, நியமனம் சிறிதும் விரைவு பெறாவிடினும் இவ்விழுக்காடு உயரும். உயர்வின் ஒரு பகுதி நீதியின் வளர்ச்சி. மற்றொரு பகுதி வெறும் கட்டத்தின் வளர்ச்சி. இரண்டையும் பிரித்தறியாமல் மகிழ்தலும் கூடாது, வருந்துதலும் கூடாது.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோர், கர்நாடகத்தில் நடந்ததை அறிய வேண்டும். பெங்களூரில் வாழும் நம் அன்பர்கள் பலர் இதை அருகிருந்து கண்டவர்கள்.

2006 அக்டோபரில் நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதவி உயர்வில் இட ஒதுக்கீடு அளிக்க விரும்பும் அரசு, அவ்வகுப்பினர்க்குப் பணியில் போதிய இடம் இல்லை என்பதை அளந்து காட்டத்தக்க புள்ளி விவரத்தால் மெய்ப்பிக்க வேண்டும் என்று கூறியது. பதவி உயர்வில் மூப்பு பற்றிக் கர்நாடக அரசு 2002இல் இயற்றிய சட்டம், அத்தகைய விவரம் இல்லை என்ற காரணத்தால் 2017 பிப்ரவரியில் செல்லாதாயிற்று. பின்னர் அம்மாநில அரசு இரத்னபிரபா தலைமையில் ஒரு குழு அமைத்து, துறைகளிலிருந்து விவரம் திரட்டி, புதிய சட்டம் இயற்றிற்று. 2019 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. திரட்டிய விவரம் ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ என்ற பெரும் பிரிவுகளின்படி இருந்தது. 2022 ஜனவரி 28 அன்று ஜர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், விவரம் திரட்ட வேண்டிய அலகு பிரிவும் அன்று, பணி முழுவதும் அன்று; ‘கேடர்’ என்று அலுவலகங்களில் வழங்கும் பதவித் தொகுதியே என்று தெளிவாகக் கூறிற்று. பிரிவின்படி திரட்டிய விவரத்தை ஏற்ற 2019ஆம் ஆண்டின் முடிவு, முந்தைய தீர்ப்புகளுக்கு மாறானது என்றும் சொல்லிற்று.

எண்ணப்பட்ட மனிதர்கள் அவர்களே. மாறியது எண்ணும் அலகு. அம்மாற்றத்தைப் பற்றி நின்றது எத்தனையோ ஊழியரின் பதவி உயர்வு. ஓர் இளநிலைப் பொறியாளர் உதவிப் பொறியாளராவதும் ஆகாதிருப்பதும், எங்கோ ஓர் அறையில் ஒருவர் அட்டவணையை எவ்வாறு கோடிட்டார் என்பதைப் பொறுத்திருக்கின்றது. ஆதலின் அட்டவணையை அற்பமாக எண்ணுதல் தகாது.

நம் வீட்டுக் கணக்கு

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இச்செய்தியில் தனியானதொரு பக்கமும் உண்டு. 2018 ஆகஸ்டு 30 அன்று பீர் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் வேறொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், அம்மாநில அரசின் பணியில் அவ்வுரிமையைக் கோர இயலாது என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசுப் பணியிலோ அவர் நாடெங்கும் பட்டியல் சாதியினரே; தலைநகரான டில்லியின் பணிகளிலும் அவ்வாறே. எனவே மும்பையில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், வருமான வரி அலுவலகத்தில் பணிபுரியும் அண்ணன் அதற்குரிய கட்டத்தில் எண்ணப்படுவான். மாநில அரசில் பொதுப் பட்டியலில் வேலை பெற்ற தம்பி அக்கட்டத்தில் இடம்பெறமாட்டான். தாய் ஒருத்தி, தந்தை ஒருவர். கணக்கில் மட்டும் இருவேறு குலம்!

பிற்படுத்தப்பட்டோர்க்கும் இவ்வாறே. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் எனப் பட்டியல்கள் உண்டு. மத்திய அரசில் இவையனைத்திற்கும் ஒரே கட்டம். அதற்கென மத்தியப் பட்டியல் தனியே இருக்கின்றது. மாநிலப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே மத்தியப் பட்டியலிலும் இருக்கும் என்று கொள்ளுதல் பிழை. சான்றிதழின் படிவமும் வேறு. ஊரில் பெற்ற காகிதத்தைப் பெட்டியில் வைத்திருந்து, நேர்முக நாளன்று எடுத்துக் காட்டி, இது செல்லாது என்று கேட்டுத் திகைத்து நின்ற இளைஞர்களை நாம் அறிவோம். அவர்கள் இழந்தது ஒரு வேலை. கணக்கு இழந்தது ஓர் எண்; அவ்விளைஞர் தகுதியின்றி நீங்கினாரா, தாளின்றி நீங்கினாரா என்பதை எந்த அட்டவணையும் கூறாது.

செய்யத்தக்கவை

அரசிடம் நாம் வேண்டுவன மூன்று. ஊற்றையோ பிரிவையோ மாற்றும்போது, பழைய முறையிலும் புதிய முறையிலும் சில ஆண்டுகளுக்கேனும் இரட்டைக் கணக்கு வெளியிட வேண்டும். அப்போதுதான் எவ்வளவு மாற்றம் உண்மை, எவ்வளவு மாற்றம் முறையினால் வந்தது என்பது விளங்கும். எத்தனை அமைச்சகங்கள் விவரம் அனுப்பின, எத்தனை அனுப்பவில்லை என்பதை எண்ணுக்கு அருகிலேயே அச்சிட வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியாகப் பணிபுரிவோர்க்கும் ஒரு கட்டம் வேண்டும். அரசுக் கட்டடத்தைத் துடைப்பவரும் காப்பவரும் அரசின் சமத்துவக் கணக்கில் இல்லாமற் போவது முறையன்று.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவையும் உண்டு. பணியிலிருப்போர் தம் பணிப் பதிவேட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்த்தல் நலம். வகுப்பு, உடற்குறை, பிறந்த நாள் ஆகியவை பிழையின்றி ஏறியிருக்கின்றனவா என்று நோக்குக. உடற்குறை உடையோர் இதில் தனிக் கருத்துச் செலுத்துதல் வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கூறிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்று, ஒதுக்கீட்டையும் 3 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தியது. முன்னர் எக்கட்டத்திலும் அடங்காதிருந்த ஒருவர்க்கு இன்று உரிமை இருக்கலாம். அவர் சொல்லாவிடின் எவரும் எழுதமாட்டார். பிள்ளைகளுக்கு வகுப்புச் சான்றிதழ் வேண்டுவோர், தந்தையார் சொந்த மாநிலத்தில் பெற்ற மூலச் சான்றிதழைப் பழுதுறாமல் காத்து வைக்க வேண்டும். குடியேறிய இடத்திலும் அதன் அடிப்படையிலேயே பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது.

இனி, எவரேனும் ஓர் எண்ணைக் கூறினால், நாம் மூன்று கேள்வி கேட்கப் பழகுவோம்: எண்ணியவர் யார்? எண்ணப்பட்டவர் யார்? சென்ற முறையும் இவ்வாறே எண்ணினரா?

நூலகத்தில் வாதிட்ட அன்பர்கள் இருவரும் மறுவாரம் மீண்டும் அதே மேசைக்கு வந்தனர். இரண்டு ஏடுகளையும் அருகருகே விரித்து, ஒருவர் படிக்க மற்றவர் குறித்துக்கொண்டார். ஒருவரின் பேத்தி அவ்வாண்டு மத்திய அரசுப் பணித் தேர்வு எழுதுகின்றாள் என்பதை அப்போதுதான் அறிந்தோம். அவள் பணியில் சேரும் நாளில் எந்தக் கட்டத்தில் எண்ணப்படுவாள் என்று தாத்தா கேட்டார். நண்பர் உடனே விடை கூறவில்லை; ஏட்டின் முன்னுரையைத் திருப்பி, அது யாரை எண்ணுகின்றது, யாரை விடுகின்றது என்று முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.